இரண்டு பச்சை ஜீப்புகளும் ஓர் இறக்கமும்

ஒருத்தன் அலுத்துப்போய்க் கழித்துவிட்டதை இன்னொருத்தன் ஆசைப்பட்டுக் கேட்கும்படி செய்வதுதான் பழைய வண்டித் தரகு. பழைய வண்டி வாங்கி, நடுரோட்டில் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்து நின்றவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. நீங்களெல்லாம் நம்ம ஆளுக. எனக்குப் பள்ளிக்கூடம் மாட்டுச் சந்தைதான். அங்கே வசவும் அடியும் வாங்கித் தரகு பழகி, போடியில் ஜீப்புகள் பெருகத் தொடங்கிய காலத்தில் மாட்டை விட்டு ஜீப்புக்கு மாறினேன். வாய் மட்டும் சந்தை வாயாகவே இருந்துவிட்டது.

கூடு ஒன்று, குணம் வேறு

எழுபதுகளில் பெட்ரோல் விலை எகிறி, ஜனங்கள் திகைத்து நின்ற சமயம். மலைமேல் ஓர் ஏலத்தோட்டத்துப் பங்காளிகள் சொத்தைப் பிரித்துக்கொண்டார்கள். அவர்களுடைய இரண்டு ஜீப்புகளும் விலைக்கு என்னிடம் வந்தன. ஒரே கம்பெனி, ஒரே கூடு, ஒரே பச்சை பெயிண்டு. தூரத்தில் நின்று பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் ஒன்று முதலாளி ஓட்டிய பெட்ரோல் வண்டி. மிதித்தால் மேட்டிலும் சீறும். ஓடும்போது பானட்டில் கை வைத்தால் ஒரு நடுக்கம் தெரியாது. மற்றது மூட்டை சுமந்த டீசல் வண்டி. ஏற்றத்தில் முனகிக்கொண்டுதான் வரும். கிளப்பினால் தெருவே அறியும்.

என் கொட்டகைக்கு அடுத்தது ஒரு டீக்கடை. டீசல் ஜீப்பைக் கிளப்பும்போதெல்லாம் அங்கே பெஞ்சுமேல் வைத்த டம்ளர் தானாக நகர்ந்துபோகும். இரண்டு டம்ளர் கீழே விழுந்து உடைந்த பிறகு கடைக்காரர் என்னிடம் வந்தார்.

"அண்ணே, இதைக் கெளப்புறதுக்கு முன்னாடி ஒரு கொரல் குடுங்க. நான் டம்ளரைப் புடிச்சுக்கிறேன்."

சிலமலைத் தங்கராசு

சிலமலையிலிருந்து தங்கராசு வந்தான். எனக்கு ஒன்றுவிட்ட உறவு. நான் அவனை மாப்ளே என்பேன், அவன் என்னை மச்சான் என்பான். வேறொருத்தருடைய ஜீப்பை வருஷக்கணக்கில் ஓட்டியவன். விடியுமுன் ஏலக்காட்டு வேலைக்குப் போகும் பொம்பளைகளை ஏற்றிக்கொண்டு மலை உச்சியில் இருக்கிற மெட்டுக்குப் போவான், பொழுது சாயக் கூட்டிக்கொண்டு வருவான். அவன் பெண்டாட்டி பேச்சியம்மாவும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. யார் எந்த வண்டியில் ஏறுவது என்று காட்டுகிற கை அவளுடைய கைதான்.

சொந்த ஜீப்பு வாங்குவதற்காக அவள் காதில் கிடந்ததையும், அவன் பங்குக்கு வந்த மானாவாரி நிலத்தையும் விற்றிருந்தார்கள். வண்டி சரியாக அமையாவிட்டால் மறுபடி அடுத்தவன் வண்டிதான், அதுவும் கிடைத்தால். இரண்டையும் சுற்றிச் சுற்றி வந்தவன் பெட்ரோல் ஜீப்பின் ஸ்டியரிங்கைப் பிடித்தவாறு நின்றுவிட்டான். அவன் கணக்கும் பொய்யில்லை. யார் முதலில் மேலே போய் ஆளை இறக்கிவிட்டுத் திரும்புகிறானோ அவனுக்குத்தான் இரண்டாவது நடை. டீசல் ஜீப்பைக் காட்டி, "அதையும் ஒரு தடவை ஓட்டிப் பாரு மாப்ளே" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இத்தனை வருசம் எருமையத்தான மச்சான் மேச்சேன், எனக்குன்னு வாங்குறப்பவும் எருமையா?"

ஏற்றம் முடிந்து

எங்கள் பக்கம் ஜீப்பைச் சோதிப்பது என்றால் லோடு ஏற்றி மெட்டுக்கு விடுவதுதான். மலையடிவாரத்து முந்தலிலிருந்து மேலே ஏறுகிற லட்சணத்தைப் பார்த்து விலை பேசுவார்கள். மெட்டில் டீ குடித்ததும் சோதனை முடிந்துவிடும். திரும்பி இறங்குவதை ஒருத்தனும் கணக்கில் சேர்க்கமாட்டான்.

பெட்ரோல் ஜீப்பில் மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனோம். அந்த வண்டியைப் பற்றி நான் பொய் சொல்லமாட்டேன். அப்படி ஒரு ஏற்றத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. முன்னால் போன ஜீப்புகள் எல்லாம் ஒதுங்கி வழிவிட்டன. தங்கராசு முகத்தில் கல்யாண மாப்பிள்ளைக் களை. மெட்டில் டீ குடித்துவிட்டுத் திரும்பினோம். இரண்டு வளைவுதான் தாண்டியிருப்போம், அவன் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினான். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தான். நினைத்துச் செய்ததுபோலத் தெரியவில்லை. மூக்கைச் சொறிவதுபோல் கை தானாகப் போயிற்று. வண்டி வெறும் பிரேக்கை நம்பி உருண்டது.

மலை ரோடு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இறக்கத்தில் வண்டி கியரில் இருந்தால் எஞ்சினே அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரும். எஞ்சினை அணைத்து உருளவிட்டால் எண்ணெய் மிச்சம், ஆனால் பாரம் முழுக்க பிரேக்கின் தலையில். பிரேக் சூடேறி, ஒரு வளைவில் பிடிக்காமல் போகும். பிடிக்காமல் போனால் அதன் பிறகு சொல்ல ஒன்றுமில்லை. எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. "சாவியைப் போடுறா மடப்பயலே!" என்று கத்தினேன். கெட்ட வார்த்தைகளும் வந்தன, அவற்றை இங்கே எழுதவில்லை. அவன் எஞ்சினைப் போட்டுவிட்டு, கோபப்படாமல், சின்னப் பிள்ளைக்கு விளக்குவதுபோலச் சொன்னான்.

"ஏறுறப்ப குடிச்சதை எறங்குறப்ப மிச்சம் புடிச்சாத்தான மச்சான், நமக்கெல்லாம் வாய்க்கும் கைக்கும் பத்தும்."

நடுத்தெரு

எனக்கு விளங்கிவிட்டது. அந்த வண்டியின் வேகத்தால் அவன் சாகப்போவதில்லை, தங்கராசு நிதானமான ஓட்டுக்காரன். அதன் தாகம்தான் கொல்லும். ஒவ்வொரு பொழுதும் அந்தத் தாகத்துக்கு ஈடுகட்ட அவன் கை சாவிக்குப் போகும். பின்னால் ஒரு வண்டிப் பொம்பளைகள் உட்கார்ந்திருப்பார்கள்.

டீசல் வண்டி அவ்வளவு குடிக்காது, அதை எடு என்றேன், முடியாது என்றான். போடியில் நடுத்தெருவில் நின்று சண்டை போட்டோம். "இந்த வண்டிய ஒனக்கு விக்கமாட்டேன்டா, போடா!" என்று கத்திவிட்டு, சாவியைப் பிடுங்கி மடியில் முடிந்துகொண்டேன். வேடிக்கை பார்த்த கூட்டம் சிரித்தது. தங்கராசு மட்டும் சிரிக்கவில்லை.

"என் மூஞ்சிக்கு இது ஒசத்தின்னு நெனைக்கிறீக, அதை நேராச் சொல்லுங்க மச்சான்."

பேச்சியம்மா கேட்ட சோதனை

மறுநாள் பேச்சியம்மா வந்தாள். பின்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தங்கராசு. புருஷனுக்காகச் சண்டை பிடிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்து நானும் தயாராக இருந்தேன். அவள் கேட்டது வேறு. "ரெண்டு வண்டியையும் மெட்டுக்குக் கொண்டு போங்கண்ணே. ஏத்தத்துல நான் பாக்க ஒண்ணுமில்லே. எறக்கத்துல பின்னாடி உக்காந்து பாக்கணும்." இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு சோதனையை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

முதலில் பெட்ரோல் ஜீப்பு. தங்கராசு ஓட்டினான். அவளும் நானும் பின்னால், தார்ப்பாயை இறக்கிவிட்டு உட்கார்ந்தோம். காற்றில் தார்ப்பாய் படபடத்தது. டயர் உரசுகிற ஓசை. கொஞ்ச தூரம் போனதும் அவள் கேட்டாள்: "அண்ணே, இப்ப எஞ்சின் ஓடுதா, நின்னுருச்சா?" காதைத் தீட்டிக் கேட்டேன். ஓடுது என்றேன். "இல்லண்ணே. அமத்திட்டாரு." எட்டிப் பார்த்தேன், அணைத்துத்தான் இருந்தான். வழியில் அணைக்கும்படி அவளே அவனிடம் முன்கூட்டிச் சொல்லி வைத்திருக்கிறாள். எஞ்சினின் இருமலை வைத்தே வியாதி சொல்கிறவன் நான். எனக்கே தெரியவில்லை.

அடுத்து டீசல் ஜீப்பை மெட்டிலிருந்து இறக்கினோம். கடகடவென்று பல் ஆடுகிற சத்தம். பக்கத்தில் இருக்கிற எனக்கே அவள் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. ஒரு வளைவில் தங்கராசு எஞ்சினை அணைத்தான். அவ்வளவு நேரம் காதை அடைத்த சத்தம் பட்டென்று நின்றதும் நெஞ்சில் கை வைத்ததுபோல் இருந்தது. "நிறுத்துங்க" என்றாள். அவன் வண்டியை ஓரம் கட்டினான். இறங்கி நின்றோம். கீழே போடி தெரிந்தது. அவளுடைய தங்கச்சி இந்த ரோட்டில் ஒரு ஜீப்பு விபத்தில் போனவள் என்று எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். அந்த வண்டிக்குள் பேச்சியம்மாவும் இருந்தாள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. 

"அன்னிக்கும் வண்டி சத்தமே இல்லாம எறங்குச்சுண்ணே. புது வண்டி, எம்புட்டு நைசா போகுதுன்னு எல்லாரும் சந்தோசமாப் பேசிக்கிட்டு வந்தோம். என் தங்கச்சி என் தோள்ல சாஞ்சு தூங்கிட்டா. அந்தச் சத்தம் இருந்திருந்தா அவ தூங்கியிருக்கமாட்டா, அது நின்னப்ப நான் கத்தியிருப்பேன்."

தேவாரத்துக்காரர்

டீசல் ஜீப்பு சிலமலைக்குப் போயிற்று. பெட்ரோல் ஜீப்பு என் கொட்டகையிலேயே கொஞ்ச நாள் கிடந்தது. பிறகு தேவாரத்திலிருந்து தோட்டந்துரவு உள்ள ஒருத்தர் வந்தார். யானை இறங்குகிற காலத்தில் ராத்திரியில் தோட்டத்துக்கு ஓட வேண்டும், வேகமான வண்டி வேண்டும் என்றார். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "இறக்கத்துல எஞ்சினை அமத்துவீகளா?" அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். வண்டியை அன்றைக்கே கொடுத்தேன்.

அந்த ஜீப்பு எங்கேயோ உருண்டு கிடக்கும் என்று நீங்கள் எதிர்பார்த்திருந்தால், இல்லை. பல வருஷம் நல்லபடியாக ஓடியது. அவர் அதைக் குதிரைபோல வைத்திருந்தார். வண்டியில் தப்பே கிடையாது, அதற்குத் தீனி போட முடிந்த வீட்டில் அது கட்டப்பட்டிருந்தது. அன்று சாவியை வாங்கும்போது அவர் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"எறக்கத்துல அமத்தித்தான் மிச்சம் புடிக்கணும்னா, நான் எதுக்கய்யா ஜீப்பு வாங்குறேன்?"

நடந்து இறங்கிய பொழுது

எண்பதுகளில் டீசல் விலையும் ஏறியது. ஒருநாள் மலைமேல் ஒரு வண்டியைப் பார்த்துவிட்டு, மெட்டில் தங்கராசின் ஜீப்பில் தொற்றிக்கொண்டேன். பின்னால் பொம்பளைகள் நிறைந்திருந்தார்கள். உடம்பெல்லாம் ஏலக்காய் வாசனை, காலெல்லாம் அட்டை கடித்த வடு. ஒருத்திக்கொருத்தி கத்திக் கத்திப் பேசிக்கொண்டு வந்தார்கள். இந்த வண்டியில் அது பழகிவிட்டது. என்னைப் பார்த்து, "தரகரே, ஒங்க வண்டில கத்திப் பழகி வீட்டுலயும் கத்தித்தான் பேசுறோம், நாங்க ஊமைச்சி இல்லேன்னு இப்பத்தான் கண்டுபுடிச்சிருக்காக" என்று ஒருத்தி கேலி செய்தாள்.

பாதி மலையில் சத்தம் நின்றது. பேச்சும் நின்றது. அடுத்த நொடி அத்தனை கைகளும் பக்கத் தகரத்தில் விழுந்தன. மலையே அதிர்ந்தது. ஜீப்பு நின்றது. தங்கராசு திரும்பி, "ஒரு வளைவுதானடி..." என்று ஆரம்பித்தான்.  ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக இறங்கினார்கள். பேச்சியம்மா கடைசியாக இறங்கி, தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். எனக்கு ஏச வாய் வந்தது. ஆனால் அந்த நடைக்கு முன்னால் என் சந்தை வாய் எடுபடாது என்று தோன்றியது. நானும் இறங்கி நடந்தேன்.

முந்தல் வரைக்கும் நடந்தோம். ரோட்டோரமாகப் பொம்பளைகள் வரிசை. பின்னால் முதல் கியரில், கடகடவென்று கத்திக்கொண்டு, தங்கராசு மட்டும் உட்கார்ந்திருக்கிற வெறும் ஜீப்பு. எதிரே வந்த வண்டிக்காரர்கள் சாமி ஊர்வலத்தைப் பார்ப்பதுபோல் ஒதுங்கி நின்றார்கள். ஏலக்காட்டில் நாளெல்லாம் குனிந்து வேலை செய்துவிட்டு வந்த கால்கள், ஒருத்தியும் முனகவில்லை. முந்தலில் சமதளம் வந்ததும், ஒன்றும் நடக்காததுபோல் ஏறி உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு அந்த மலையில் தங்கராசு சாவியைத் தொட்டதில்லை. போடியில் என்னை இறக்கிவிட்டபோது அவன் கண் கலங்கியிருந்தது, வாய் மட்டும் சிரித்தது.

"வண்டி என் பேருலதான் இருக்கு மச்சான், ஓட்டுறது இவளுகதான்."

சைலென்சர்

பிறகு ஒரு தடவை அந்த ஜீப்பின் சைலென்சர் ஓட்டையாகி, மெக்கானிக் புதுசு மாட்டிவிட்டான். சத்தம் பாதியாகக் குறைந்தது. தங்கராசு சந்தோஷமாகச் சிலமலைக்கு ஓட்டிப் போனான். மறுநாள் காலையிலேயே திரும்பி வந்து நின்றான். பொம்பளைகள் ஏறவில்லையாம். மெக்கானிக் என்னைத் திட்ட, நான் மெக்கானிக்கைத் திட்ட, பேச்சியம்மா முன் சீட்டிலிருந்து இறங்காமலே சொன்னாள்.

"அந்தப் பழைய ஓட்டையவே மாட்டிக் குடுங்கண்ணே."

வண்டியின் குறை என்று நான் ஒளித்து ஒளித்துப் பேசிய ஒன்றை வேண்டுமென்று கேட்டு வாங்கிக்கொண்டு போனவள் என் தரகு வாழ்க்கையில் அவள் ஒருத்திதான், ஆனால் முதலில் அந்த ஜீப்பை வாங்க விலை பேசும்போது அதே சத்தத்தைக் குறை சொல்லித்தான் விலையையும் குறைத்தாள்.