தகரப் பெட்டியை அரித்த கரையான்

பூச்சி உருண்டை வாசம் எங்கே வந்தாலும், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் அடுத்த வீட்டிலிருந்த மங்களத்தம்மாவின் தகரப் பெட்டிதான் என் நினைவுக்கு வரும். தெருவே அவரைப் ‘பேப்பரம்மா’ என்றுதான் அழைத்தது. ஜப்பான்காரன் படையெடுத்து வருவதற்கு முன்பே ரப்பர் தோட்டத்துப் பெண்களின் பாடுகளைப் பத்திரிகையில் எழுதியவர். பெண் எழுதினால் எவன் மதிப்பான் என்று ‘செம்மண் வேலன்’ என்ற பெயரில் எழுதியவர். அச்சில் வந்த ஒவ்வொரு கட்டுரையையும் வெட்டி, தன் கையெழுத்துப் பிரதியோடு சேர்த்துத் தைத்து அந்தப் பெட்டியில் வைத்திருந்தார். வேலன் யார் என்பதற்கு உலகத்தில் இருந்த சாட்சி அது ஒன்றுதான்.

எனக்குப் பன்னிரண்டு வயதானபோது, கண் அறுவைக்காகக் கிள்ளானில் மகன் வீட்டுக்குப் போனவர், திரும்பி வந்ததும் புத்தகமாகப் போடவேண்டும் என்று சொல்லிப் பெட்டியை என் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். தீபாவளிக்கு வீடு கழுவும் மும்முரம். அம்மா பாசாருக்குச் சாமான் வாங்கப் போயிருந்த நேரத்தில் ‘சூராட் காபார் லாமா’ என்று கூவிக்கொண்டு பழைய பேப்பர் லோரி வந்தது. தெருவிலேயே எங்கள் வீடுதான் பளிச்சென்று இருக்கவேண்டும் என்ற வீம்பில், பெட்டியில் இருந்ததையும் சேர்த்து அள்ளிக் கொடுத்தேன். பழைய பேப்பர் என்றால் பழைய பேப்பர்தானே! காலிப் பெட்டியில் முறுக்கு வைக்கலாம் என்றுகூடத் திட்டம் போட்டேன்.

விஷயம் தெரிந்ததும் அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். பேப்பரம்மா வந்து பெட்டியைத் திறந்தபோது, நான் பயத்தில் “கரையான் அரிச்சிருச்சு” என்று உளறினேன். அம்மாவும் மறுத்துப் பேசவில்லை. தகரப் பெட்டிக்குள், அதுவும் பூச்சி உருண்டை வாசம் மூக்கைத் துளைக்கும்போது, கரையான் எப்படி வந்தது என்று அவர் கேட்கவே இல்லை. வெறும் பெட்டியைச் சற்று நேரம் தடவிக்கொண்டிருந்தார்.

“போவுது விடு. கரையானாச்சும் முழுசா படிச்சிருக்கும்லா” என்றார்.

அதற்கு என் கன்னத்தில் இரண்டு அறை விட்டிருந்தால் தேவலாம். அடுத்த ஆண்டே அவர் கிள்ளானில் இறந்துபோனார்.

குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் இன்று கொண்டோமினியம் அடுக்குமாடி நிற்கிறது. போன மாதம் அதற்குப் பக்கத்து மண்டபத்தில், பழைய பத்திரிகை எழுத்துகளைத் தொகுத்த ஒரு நூலின் வெளியீட்டுக்குப் போனேன். தொகுத்த இளைஞர் செம்மண் வேலனை வாயாரப் புகழ்ந்தார். பெண்களின் வேதனையை இவ்வளவு புரிந்துகொண்ட ஆண்மகன் வேறு யார் என்றார். என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து, அது ஆணில்லை, எங்கள் அடுத்த வீட்டு மங்களத்தம்மா என்றேன்.

அவர் மரியாதையாகத்தான் கேட்டார்: “அப்படியா ஆன்டி? ப்ரூஃப் ஏதாச்சும் இருக்கா?”

லோரிக்காரனிடம் அள்ளிக் கொடுத்தது நான்தான் என்று ஐம்பது வருடமாக யாரிடமாவது சொல்லிவிடத் துடித்த உண்மை நாக்கு நுனிவரை வந்தது. மண்டபமே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“இருந்துச்சு தம்பி. கரையான் அரிச்சிருச்சு” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.