காயப்போட்ட அட்டை

என் தம்பி ஹல்வரின் இரண்டாவது மகள் ஒட்னி. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. அவள் அம்மா வழியில் எல்லாருமே அப்படித்தான், கறையைக் கண்டால் கை சும்மா இருக்காது.

எலும்பு வார்டில் ஆபரேஷனுக்குப் போகிறவர் கட்டிலின் கால்மாட்டில் 'உணவு கூடாது' என்று நர்ஸ் ஓர் அட்டை மாட்டுவாள். சாப்பாட்டு வண்டி தள்ளுகிறவள் அதைப் பார்த்துத்தான் தட்டை நீட்டுவாள். அந்த வெள்ளிக்கிழமை அட்டை தோர்லைவ் கட்டிலில் தொங்கியது. இடுப்பு மூட்டு மாற்ற இலையுதிர் காலத்திலிருந்து காத்துக் கிடந்த கிழட்டு மீனவர். அட்டையில் காபிக் கறை. ஒட்னி அதைக் கழற்றித் துடைத்து, ஜன்னலோரம் காயப்போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை என்றால் வார்டில் வாஃபிள், கட்டம் கட்டமான சூடான மாவு அப்பம். வண்டியோடு வந்த போர்கில், பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்து தோர்லைவுக்கு இரண்டு கொடுத்தாள். அவரும் தின்றுவிட்டார்.

"வேணாம்னு சொல்லத் தெரியாதா உங்களுக்கு?" நர்ஸ் இங்குன் கத்தினாள்.

"காலைல பட்டினி கிடன்னீங்க. இப்ப நீங்களே கொண்டாந்து நீட்டுறீங்க. மனசு மாறிட்டீங்கன்னு நினைச்சேன். வெள்ளிக்கிழமை வாஃபிளை எவன்மா வேணாம்பான்?"

ஆபரேஷன் ரத்து. மறுபடியும் வரிசையில் கடைசி. திட்டெல்லாம் போர்கிலுக்கு.

"அட்டையே இல்லடி, சத்தியமா" என்று அவள் சமையலறையில் அழுதாள். ஒட்னி துணியைப் பிழிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். சாயங்காலம்தான் இங்குனிடம் போய் நின்றாள்.

"நான்தான் கழட்டினேன். கறையா இருந்துச்சு."

இங்குன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "நான் மாட்டுறதை நம்பி அவ கொடுக்குறா. அவ கொடுக்குறதை நம்பி அவரு திங்குறாரு. துடைக்கணும்னா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுத் துடைச்சிருக்கலாமே. சரி, முதல்ல போர்கில்கிட்ட போய்ச் சொல்லு."

சொன்னாள். போர்கில் அட்டையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "மத்தியானம் பூரா நான் அழுததைப் பாத்துக்கிட்டுத்தானே நின்ன?" என்றாள்.

பிறகு ஒட்னி, வீட்டுக்குத் திரும்பும் தோர்லைவின் பையைத் தூக்கிக்கொண்டு டாக்ஸி வரை போனாள். அவரிடமும் சொன்னாள்.

"வாஃபிள் என்னவோ நல்லாத்தான் இருந்துச்சு பொண்ணே" என்று சிரித்தாராம்.

அன்று என் வீட்டுக்கு வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "திட்டுவாருன்னு தயாராப் போனேன் அத்தை. சிரிச்சாரு. காரில ஏறக் காலைத் தூக்கினப்ப வலில ஒரு சத்தம் போட்டாரு பாருங்க... அப்படியே அவரை வச்சுக் கதவைச் சாத்தி அனுப்பினவளும் நான்தான்."