மயூரி முனை

தென்துருவக் கண்டத்தில், பனிச்சுவர்கள் இடிந்து விழும் ஒரு குடாவின் கரையை அளந்து வரைபடம் போடப் போயிருந்தாள் என் மகள் மயூரி. ஒருநாள், நான் புலம்பெயர்ந்து வாழும் கோலியர்ஸ் வுட்டில் பஸ்ஸுக்காக நின்றபோது அவளுடைய சிநேகிதி அழைத்தாள்.

“அன்ரி, அந்தக் குடாவில பேரில்லாமக் கிடந்த முனைக்கு மயூரியின்ர பேர் வைக்கினம்!”

போர்க்காலத்தில் எங்கள் ஊரில் செத்தவர்களின் பெயரைத்தான் இடங்களுக்கு வைத்தார்கள்.

“உடலாவது கிடைச்சதோ, பிள்ளை?” என்று கேட்டேன்.

“ஐயோ அன்ரி! அவ நல்லா இருக்கிறா. அந்த முனையை அளந்ததே அவதான்.”

அப்படியும் நான் நம்பவில்லை. பின்னேரம் மயூரியே பேசியபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

“அந்த முனையில ஏறி நிண்டு ஒரு படம் எடுத்து அனுப்பு, அம்மா பாக்கவேணும்” என்றேன்.

ஊரில் என் தம்பியின் பெயரில் ஒரு குறுகிய ஒழுங்கை இருந்தது. அந்தப் பெயர்ப்பலகையை அவன் கண்டதில்லை.