றெக்கைக்குள்ள ஒரு பிள்ளையார் சுழி

எனக்கு எழுபத்தெட்டு வயசு ஆகுது. பெத்தது நாலு. நாத்தனார் பிள்ளைங்க ரெண்டையும் சேர்த்து வளர்த்தது ஆறு. ஆறையும் ஆளாக்கினேன், ஒருத்தர் வாசல்லயும் போய் நின்னதில்ல. பள்ளிக்கூடம் மூணாம் கிளாஸோட சரி, அதனால மெதுவாத்தான் எழுத வரும். ஒரு விஷயம் மனசுல சிக்கு விழுந்த நூல் மாதிரி கிடக்கு. எழுதினாலாவது நுனி கைக்கு வருதான்னு பார்க்கறேன்.

என் வீட்டுக்காரருக்குத் தச்சு வேலை. கட்டில் பீரோ இல்ல, ஏரோப்ளேன். அப்பல்லாம் மரத்தாலயும் துணியாலயும் செஞ்ச ப்ளேன் இருந்துச்சு. மேல ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு ரெண்டடுக்கு றெக்கை. பட்டாளத்துப் பசங்க முதல்முதலா பறக்கக் கத்துக்கறது அதுலதான். றெக்கை ஒடிஞ்சு வந்தா சரி பண்ற ஆளுங்கள்ல இவரும் ஒருத்தர். அவர் போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷம் ஆச்சு. என்கூட இருக்கறது கடைசிப் பையனும் அவன் பொண்ணு பாப்பாவும். அவனும் ப்ளேன் மெக்கானிக்தான். பெரிய ப்ளேனுங்கள்ல வேலை பார்த்தான். முழங்கால் வலின்னு அதை விட்டுட்டு வந்து, இப்ப ராஜகீழ்ப்பாக்கத்துல ஒரு ஷெட்டுல பழைய ப்ளேன் ஒண்ணைத் திரும்பப் பறக்க வைக்கற வேலையில இருக்கான்.

அந்த ப்ளேனை வாங்கினவர் பட்டாளத்துல ப்ளேன் ஓட்டின பழைய ஆபீசர். அவரை நான் சார்னுதான் கூப்பிடுவேன். நல்ல மனுஷர், ஆனா எல்லாம் பழையபடியே இருக்கணும். ஒரு ஸ்க்ரூ வேணும்னாலும் அந்தக் காலத்து ஸ்க்ரூவே வேணும்பார், ஊர் ஊரா தேடுவார். "தலைவலி வந்தாக்கூட பழைய தலைவலியா கேப்பாரும்மா" என்பான் பையன். அவன் கட்சி வேற. பறக்கணும்னா பறக்கறதுக்கு என்ன வேணுமோ அதைப் போடணும், அவ்வளவுதான். பழைய ப்ளேனுக்கு வால்ல சக்கரம் கிடையாதாம், ஒரு இரும்புத் துண்டு தரையில இழுத்துக்கிட்டே போகுமாம். புல்லுத் தரைக்கு அது சரி, இப்ப எல்லாம் தார் ரோடு மாதிரி இருக்கே, சக்கரம் வைக்கணும்னு இவன். வெச்சா மூஞ்சியே மாறிடும்னு அவர். மத்தியானம் நான் டிபன் கேரியரை எடுத்துக்கிட்டுப் போனா, இந்தச் சண்டையைக் கேட்டுக்கிட்டு பிளாஸ்டிக் சேர்ல உக்காந்திருப்பேன். எனக்கு ரெண்டு பேர் சொல்றதும் சரியாத்தான் படும். அதுதான் பேஜாரே.

ஒருநாள் றெக்கை மேல இருந்த பழைய துணியைப் பிரிச்சாங்க. உள்ள மரச்சட்டம் வரிசையா, மீனோட முள்ளு மாதிரி இருந்துச்சு. ரிப்புன்னு பேர். பையன் டார்ச் அடிச்சுப் பார்த்துக்கிட்டே வந்தவன் ஒரு இடத்துல நின்னுட்டான்.

"யம்மா, இங்க வா."

போய்ப் பார்த்தேன். ஒரு ரிப்பு மேல பென்சில்ல பிள்ளையார் சுழி. வால் நீளமா இழுத்து, கீழ ரெண்டு கோடு. எங்க வீட்டு வாசல் நிலையோட மேல்கட்டையில, உள்பக்கம், அதே சுழி இருக்கு. அதைச் செஞ்சவர் என் வீட்டுக்காரர். ரோடு போட்டுப் போட்டு உசந்து, மழைக்கு வீட்டுக்குள்ள தண்ணி வந்து, ஜாக்கி வெச்சு வீட்டையே தூக்கினப்பகூட அந்த நிலையை நான் மாத்த விடல. அதனால பார்த்த உடனே தெரிஞ்சுபோச்சு. கை வெச்சேன். எனக்கு அழுகை வரல. பெருமைதான் வந்துச்சு. இந்தக் கை செஞ்சது ஆகாசத்துல போயிருக்குன்னு.

சாருக்கு என்னைவிட சந்தோஷம். "பாத்தியா? இதைத்தான் சொல்றேன். இது இங்கயே இருக்கணும்."

பையன் உளி நுனியை அந்தச் சட்டத்தோட மூட்டுல வெச்சு லேசாத் தள்ளினான். பிஸ்கட் மாதிரி விட்டுக்கிச்சு. அப்போல்லாம் பால்ல இருந்து எடுக்கற ஒரு பசையால ஒட்டுவாங்களாம். நம்ம ஊர் புழுக்கத்துக்கு அது பூஞ்சை புடிச்சுப் பொடியாயிடும்.

"மரமும் உளுத்திருக்கு சார். புதுசு செஞ்சுடறேன்."

"மறுபடி ஒட்டிப் பாக்கலாம்ப்பா."

"கண்ணாடிக்குள்ள வெச்சுப் பாக்கறதுன்னா சொல்லுங்க, ஒரு ஆணியைத் தொட மாட்டேன். பறக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க? அதுல உக்காரப் போறது நான்."

அது அந்த ஷெட்டு வழக்கம். சார் முதல்ல தனியா ஓட்டி இறக்குவார். அடுத்த தடவை அதைச் சரி பண்ணினவன் கூட உக்காரணும். அப்பதான் வேலையை ஒழுங்கா செய்வான்னு.

சார் என் பக்கம் திரும்பினார். "அம்மா, உங்க வீட்டுக்காரர் கை. நீங்க சொல்லுங்க."

"இருக்கட்டும்"னு சொல்லிட்டேன். யோசிக்கவேயில்ல.

பையன் என்னைப் பார்த்தான். கோபமா பார்த்திருந்தா பரவாயில்ல. வெறுமன பார்த்தான். அன்னிக்கு டிபன் கேரியரைத் திறக்கவேயில்ல.

வீட்டுக்கு வந்து அந்த நிலையைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் "எங்க வீட்டுக்காரர் செஞ்ச நிலை"ன்னு காட்டுவேன். ஆனா கீழ்ப்பக்கம் கரையான் தின்னு, முழங்கால் உசரத்துக்கு வேற மரம் வெச்சு ஒட்டியிருக்கு. ஒட்டினவன் இந்தப் பையன்தான். கதவு எப்பவோ மாறிடுச்சு, தாழ்ப்பாளும் மாறிடுச்சு. அப்ப நான் இத்தனை நாள் எதைக் காட்டிப் பெருமையடிச்சுக்கிட்டு இருந்தேன்? நிலை தானே, அது விழுந்தா யாருக்கும் ஒண்ணும் ஆகாது. ப்ளேன் அப்படியில்லையே.

சாயங்காலம் பையன் வந்தான். "அப்பா இருந்திருந்தா அவரே முதல்ல அதைக் கழட்டி வீசியிருப்பாரும்மா"ன்னான்.

"வீசியிருக்க மாட்டார். கழட்டியிருப்பார்"னேன்.

"அப்ப சரி. அதையே சார்கிட்ட சொல்லு."

மறுநாள் போய்ச் சொன்னேன். சார் முகம் தொங்கிப்போச்சு. "நீங்களே இப்படிச் சொல்லிட்டீங்களே"ன்னார். என்னவோ நான் அவருக்குத் துரோகம் பண்ணிட்ட மாதிரி. வீட்டுக்காரருக்கும் பண்ணிட்டேனோன்னு எனக்கே ஒரு நிமிஷம் ஆயிடுச்சு.

ஆயுத பூஜைக்குள்ள புது ரிப்பு மாட்டியாச்சு, துணி இன்னும் போடல. அன்னிக்கு ஷெட்டைக் கழுவி, கோலம் போட்டு, வாழைக்கன்னு கட்டி, பொரி கடலை எல்லாம் வெச்சிருந்தாங்க. சந்தனக் கிண்ணமும் குங்குமமும் என் கையில.

"எல்லாத்துக்கும் பொட்டு வைம்மா. றெக்கை ஓரத்துல நீட்டிக்கிட்டு இருக்கு பாரு, அந்தக் குழாய்க்கு மட்டும் வைக்காத. ஓட்டை அடைச்சுக்கிச்சுன்னா மேல போனப்புறம் எவ்வளவு வேகத்துல போறோம்னு தெரியாது."

பையன்கிட்ட சரின்னுட்டு ஒவ்வொண்ணா வெச்சுக்கிட்டே வந்தேன். புது ரிப்புகிட்ட வந்ததும் கை நின்னுபோச்சு. அங்க பென்சில்ல பிள்ளையார் சுழி. வால் நீளம், கீழ ரெண்டு கோடு. அச்சு அசல் அவர் போட்டது.

"இது யார் போட்டது?"

"நான்தாம்மா. பழசு மேல மெலிசுப் பேப்பர் வெச்சு எடுத்தேன். சார் ஆசைப்பட்டாரு. உனக்கும் சந்தோஷமா இருக்கும்னு..."

சார் சிரிச்சுக்கிட்டே, "வித்தியாசமே தெரியல பாருங்க"ன்னார்.

எனக்கு எங்க இருந்துதான் கோபம் வந்துச்சோ. "அவர் போடாததை அவர் போட்ட மாதிரி காட்டறதா? நாளைக்கு இன்னொருத்தன் பிரிச்சுப் பார்த்தா என்ன நினைப்பான்? செஞ்சது நீ, மேல போறது நீ, கையெழுத்து மட்டும் அவரோடதா? அழி அதை."

சாருக்கு ஒண்ணும் விளங்கல. ஒரு ஸ்க்ரூ புதுசா இருந்தா தூக்கம் வராத மனுஷருக்கு இந்தச் சுழி உறுத்தலையே, எப்படி? எதையும் மாத்துன்னு சொல்ற என் பையனுக்கு இதை மட்டும் பழசு மாதிரியே வைக்கணும்னு ஏன் தோணுச்சு? நான் மட்டும் எந்தப் பக்கம்? இருக்கட்டும்னு சொன்னதும் நான், மாத்தலாம்னு சொன்னதும் நான், இப்ப அழின்னு சொல்றதும் நான். இன்னிக்கு வரைக்கும் எனக்கு இது பிடிபடல.

பையன் உப்புத்தாளை எடுத்துத் தேய்ச்சான். பென்சிலை வாங்கிக்கிட்டு ரொம்ப நேரம் நின்னான். ஐம்பது வயசைத் தாண்டினவன், எத்தனையோ பெரிய இன்ஜினை எல்லாம் பிரிச்சு மாட்டினவன், ஒரு சுழியை விரலால ரெண்டு தடவை காத்துல போட்டுப் பார்க்கறான்.

"கோழி கிளறின மாதிரி இருக்கும்மா."

"இருக்கட்டும். உன்னோடது."

போட்டான். கோழி கிளறின மாதிரிதான் இருந்துச்சு. அதுக்குச் சந்தனம் வெச்சேன். பழைய ரிப்பு சுவத்துல சாய்ச்சு வெச்சிருந்தாங்க. ஆயுத பூஜைக்கு உழைக்கற சாமானுக்குத்தான் பொட்டு, வேலையில இல்லாததுக்குக் கிடையாது. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் விரல்ல மிச்சமிருந்ததை அதுக்கும் வெச்சேன்.

பறக்க விட்டது தெற்கால ரொம்ப தூரத்துல ஒரு மைதானத்துல. வேன் வெச்சுக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. வால்ல சக்கரம் இருந்துச்சு. அந்தச் சண்டையிலயும் பையன்தான் ஜெயிச்சிருந்தான். சார் தனியா ஒரு சுத்து போய் இறக்கினார். அப்புறம் பையன் ப்ளேன்ல முன்னால, குழி மாதிரி இருந்த சீட்டுல ஏறி உக்காந்து பெல்ட்டை இழுத்துக் கட்டினான். என்னைத் திரும்பிப் பார்க்கல. பார்த்தா இறங்கிடுவான்னு எனக்குத் தெரியும்.

மேல போச்சு. பட்டாளத்து ப்ளேன் இறங்கற தாம்பரத்துல இருக்கறவளுக்கு ப்ளேன் சத்தம் புதுசு இல்ல. மாவு அரைக்கறப்பவும் கேக்கும், தூங்கறப்பவும் கேக்கும், தலையைத் தூக்கிக்கூடப் பார்க்க மாட்டேன். அன்னிக்குக் கண்ணைக் கொட்டாம பார்த்தேன். அந்தக் கோழிக்கால் சுழி எந்த றெக்கையில இருக்குன்னுகூட கீழ இருந்து தெரியல. மூட்டு விட்டுக்கிச்சா, விட்டுக்கிச்சான்னுதான் மனசு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. பழைய ரிப்பு இருந்திருந்தா அங்க நின்னிருக்கவே மாட்டேன், அது மட்டும் நிச்சயம்.

இறங்கி வந்ததும் என்கிட்டதான் முதல்ல வந்தான். மூஞ்சியெல்லாம் எண்ணெய்.

"சத்தம் எப்படிம்மா இருந்துச்சு? அப்பா காலத்துல கேட்ட மாதிரியேவா?"

"அதே சத்தம்"னு சொன்னேன். அதே சத்தமா? காது எனக்கு மந்தமாகி எவ்வளவோ நாளாச்சு. அந்தச் சத்தம் எப்படி இருந்துச்சுன்னு இப்ப நினைப்புலயும் இல்ல. ஆனா அவன் கேட்ட கேள்விக்கு அதைத் தவிர வேற என்ன சொல்ல?

அந்தப் பக்கம் சார் வந்தவங்ககிட்ட, "பழைய ப்ளேன், அப்படியே பழைய ப்ளேன்"னு சொல்லிக்கிட்டிருந்தார். பையன் சிரிச்சான்.

பழைய ரிப்பு இப்ப எங்க வீட்டு நிலைக்கு மேல, சுவத்துல ஆணியில தொங்குது. யாராவது வந்து அது என்னன்னு கேட்டா, "எங்க வீட்டுக்காரர் செஞ்சது"ன்னு ஆரம்பிக்கறேன். அப்புறம் எதைச் சொல்றது, எங்க நிறுத்தறதுன்னு தெரியாம நிலையையும் காட்டறேன், கரையான் தின்ன இடத்தையும் காட்டறேன், பையன் ஒட்டின மரத்தையும் காட்டறேன்.

பாப்பா, அந்த போனை வெச்சுட்டு இங்க வா. உங்க அப்பனைப் பத்தித்தான் எழுதியிருக்கேன். முதல்ல இருந்து சத்தமா படி. நான் எழுதினதை எழுதினபடியே படி, ஒண்ணையும் மாத்தாத. இல்ல, இரு. எங்கயாவது படிக்கறவங்களுக்குப் புரியாதுன்னு தோணுச்சுன்னா மாத்திக்கோ. மாத்தினா, எங்க மாத்தினேன்னு மட்டும் என்கிட்ட சொல்லிடு. படி.