பின்வரிசையில் யார் உட்காருவது

கொழுந்தன் போனில் சொன்ன முதல் வார்த்தையிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"அண்ணி, ரெண்டு வீட்டுக்கும் சேத்து ஒரே பெரிய வண்டியா வாங்கிடலாம். ஏழு பேரும் ஒண்ணாப் போலாம், ஒண்ணா வரலாம்."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரைப் பார்க்கிறேன். தன் ஹெல்மெட்டைக்கூட யாருக்கும் இரவல் தராத மனிதர். அவர் வாயில் 'சேர்த்து' என்ற சொல் வருகிறதென்றால் பின்னால் ஏதோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் அல்சூரில் நான்கு பேர்: நான், கணவர், ஒன்பதாவது படிக்கும் மகன், ஆறாவது படிக்கும் மகள். கொழுந்தன் குடும்பம் ஈஜிபுராவில் மூன்று பேர். அவர்களுடைய ஒரே பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் சின்ன காரில் மகன் பின்சீட்டில் ஏறினால் முழங்கால் நெஞ்சில் முட்டும். அந்தப் பெண்ணும் ஒரே வருடத்தில் தன் அம்மாவின் தோளைத் தாண்டிவிட்டாள். பிள்ளைகள் வளர்ந்துகொண்டே போனார்கள், கார் அப்படியே இருந்தது.

பெரிய வண்டிப் பேச்சு தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. அஞ்செட்டி தாண்டி எங்கள் குலதெய்வக் கோயில் இருக்கிறது. கடைசிக் கொஞ்ச தூரம் மண் பாதை. போன வருடம் மழைக்கு அடுத்த நாள் ஏழு பேரும் அந்தக் காரிலேயே நெருக்கிப் போனபோது, அதன் அடிவயிறு ஒரு பாறையில் உட்கார்ந்துகொண்டது. ஆண்கள் இருவரும் பேன்ட்டை மடித்துக்கொண்டு தள்ளினார்கள். நாங்கள் பொங்கல் பானையையும் தேங்காய்ப் பையையும் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்தோம். அன்றைக்கே அண்ணனும் தம்பியும் பெரிய சக்கரம், உயரமான வண்டி, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

எனக்கு வேலை இன்சூரன்ஸ் ஆபீசில். வண்டி விபத்து கிளைம்களைப் படித்து எது நிஜம், எது கட்டுக்கதை என்று பார்க்கும் பிரிவு. "நின்னுட்டிருந்த என் வண்டி மேல மரம் வந்து மோதிச்சு" என்று எழுதித் தந்தவர்கள்கூட உண்டு. அதனால் யார் எது சொன்னாலும் அதற்குப் பின்னால் என்ன என்று பார்க்கும் புத்தி எனக்கு ஒட்டிக்கொண்டது. "வீட்லயும் சர்வே பண்ணாதே" என்பார் கணவர்.

பண்ணத்தான் செய்தேன். எங்கள் அபார்ட்மெண்டில் பெரிய வண்டி நுழையாது. தூணுக்கும் தூணுக்கும் நடுவில் சின்ன கார் நிறுத்தவே மூச்சைப் பிடிக்க வேண்டும். கொழுந்தன் வீட்டில்தான் கேட்டும் இடமும் உண்டு. ஆகவே வண்டி ஈஜிபுராவில் நிற்கும். அங்கே நிற்கிற வண்டி யாருக்கு ஓடும்?

கொழுந்தனிடம் நேராகவே கேட்டேன். "இது யாரோட யோசனைங்க?"

"அவதான் சொன்னா அண்ணி."

அதுதான் என்னை இன்னும் உறுத்தியது. என் ஓரகத்தி எதற்கும் ஆசைப்பட்டு வாய் திறந்து நான் பார்த்ததில்லை. புடவைக் கடைக்குப் போனால், "நீங்க எடுக்கறதே எனக்கும் எடுத்துடுங்கக்கா" என்பவள். அவள் ஒரு வண்டி கேட்கிறாள், அதுவும் மலையேறும் வண்டி.

ஒரு சனிக்கிழமை ஏழு பேரும் ஓசூர் ரோட்டில் இருக்கும் ஒரு ஷோரூமுக்குப் போனோம். வாசலிலேயே ஒரு சேல்ஸ் பையன், "பன்னி மேடம், கூத்கொள்ளி" என்று கன்னடத்தில் வரவேற்று உட்காரச் சொல்லி, நாங்கள் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் என்று தெரிந்ததும் தமிழுக்கு மாறினான்.

"செவன் சீட்டர் மேடம். பெரியவங்களே லாஸ்ட் ரோவுல ஆராமா உட்காரலாம்."

"அப்படியா? நீங்க ஏறி உட்கார்ந்து காட்டுங்க."

அவன் சிரித்தபடி நடுச்சீட்டை மடித்து, பின்வரிசைக்குள் புகுந்தான். அவனே குள்ளமான ஆள். அப்படியும் கழுத்தைச் சாய்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தான். அடுத்து மகனை ஏற்றினேன்.

"அம்மா, தல இடிக்குது. காலை எங்க வெக்கறது?"

"இப்பவே இப்படின்னா, ப்ளஸ் டூ வரும்போது இவன் எங்க உட்காருவான்?" என்று கேட்டேன். ஏழு பேர் போகும்போது பின்வரிசையில் யாருடைய பிள்ளை உட்காருவது என்ற கேள்வி ஷோரூம் நடுவில் வந்து நின்றது. ஆண்கள் இருவரும் டயரைத் தட்டிப் பார்ப்பதில் மும்முரமானார்கள்.

"நான் பின்னாடி உட்கார்ந்துக்கறேங்க்கா" என்றாள் ஓரகத்தி. "எப்பவும் நானே உட்கார்ந்துக்கறேன்."

இப்படி வலிய வந்து தியாகம் செய்கிறவர்களைப் பார்த்தாலே எனக்குப் பயம். நாளைக்குக் காலம் முழுக்கச் சொல்லிக்காட்டலாம் அல்லவா?

ஷோரூமுக்குப் பின்னால் இருந்த காலி மனையில் மண்ணைக் குவித்து ஒரு மேடு செய்து வைத்திருந்தார்கள். வண்டியை அதில் ஏற்றிக் காட்டினான். முன்கண்ணாடியில் வானம் மட்டும் தெரிந்தது. என் மகள் கூச்சல் போட்டாள். கணவர் மேலே இருந்த பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, "சூப்பர், சூப்பர்" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். பின்வரிசையில் ஓரகத்தி சாய்ந்து, சீட்டின் அடியில் கையை விட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தாள். இறங்கியதும் அவள் சேல்ஸ் பையனிடம் மெல்லிய குரலில் கன்னடத்தில் கேட்டது என் காதில் விழுந்தது.

"இது ஃபுல் ஃப்ளாட் ஆகத்தா? எஷ்டு உத்த பருத்தே?"

பின்வரிசையை மடித்தால் தரை சமமாகுமா, எவ்வளவு நீளம் கிடைக்கும் என்று கேட்கிறாள். 'எப்பவும் நானே உட்கார்ந்துக்கறேன்' என்றவள், அந்தச் சீட்டையே மடித்துவிடப் பார்க்கிறாள்.

அன்று திரும்பும்போது பேக்கரியில் நின்றோம். ஓரகத்தியின் பெண் ஒரு முட்டை பஃப்ஸ் முடித்து, இன்னொன்று முடித்து, மூன்றாவதற்குக் கை நீட்டினாள். அந்தக் கையைப் பார்த்தேன். விரல்கள் வெளுப்பாக இருந்தன. மணிக்கட்டில் கோடு போட்டாற்போல நின்று, அதற்கு மேல் கை கறுத்திருந்தது.

"இது என்னடி?"

"வெயில் பெரியம்மா."

"வெயில் கையோட பாதியில நிக்குமா?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா டீயைப் பார்த்தாள்.

அந்த வாரம் முழுக்க எனக்கு வேறு நினைப்பில்லை. ஓரகத்தியின் அம்மா வீடு தங்கவயலில். கொழுந்தனுக்கும் அவளுக்கும் ஏதாவது சண்டையா? சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விடப் போகிறாளா? கட்டில் நீளம்தான் கேட்டாளோ? கணவரிடம் சொன்னேன்.

"வீட்டை விட்டுப் போறவ, போறதுக்கு முன்னாடி புருஷன் பேர்ல ஃபோர் வீல் டிரைவ் வாங்குவாளா? தூங்கு" என்றார்.

இரண்டாவது தடவை போனபோது பிள்ளைகளை விட்டுவிட்டுப் பெரியவர்கள் மட்டும் போனோம். ஆண்கள் இருவரும் என்ஜினைப் பற்றி விசாரிக்க மேனேஜர் அறைக்குள் போனார்கள். நான் காபி எடுக்கப் போகிறவள் போலப் போய்ப் பாதியில் திரும்பினேன். வண்டியின் பின்கதவு திறந்திருந்தது. ஓரகத்தி குனிந்து, கைப்பையிலிருந்து எடுத்த தையல் டேப்பை மடித்த சீட்டின் மேல் நீட்டி அளந்துகொண்டிருந்தாள்.

"என்னம்மா அளக்கறே?"

துள்ளி நிமிர்ந்தாள். தலை கதவில் இடித்தது.

"சும்மாக்கா."

"சும்மா யாராவது ஷோரூமுக்கு டேப்போட வருவாங்களா? உண்மையச் சொல்லு. தங்கவயலுக்குப் போறியா?"

"தங்கவயலுக்கா? எதுக்கு?" அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. பிறகு தலையைத் தேய்த்துக்கொண்டே உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள். "சைக்கிளுக்குக்கா."

எனக்கு நினைவு வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் பெண் தங்கள் தெருவிலேயே சைக்கிளிலிருந்து விழுந்து, தாடையில் தையல் போட்டார்கள். மறுநாளே கொழுந்தன் சைக்கிளை வாட்ச்மேன் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார். இனிமேல் இந்த வீட்டில் சைக்கிள் கிடையாது என்றும் சொல்லிவிட்டார்.

"ஸ்கூல்ல பி.டி. மாஸ்டர் இவள ஓட்டச் சொல்லிப் பாத்தாருக்கா. மண் ரோட்டுல, கல்லு மேட்டுல ஓட்டற சைக்கிள். ஞாயித்துக்கிழமை நந்தி மலைக்கு அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போயி பழக்கறாரு. இவ கூட ஓட்டற பொண்ணோட அப்பா, ஸ்கூல்ல குடுத்த சைக்கிளத் தன் வீட்லயே வெச்சுக்கிட்டு, ஜீப்ல அதோட எங்களையும் ஏத்திட்டுப் போவாரு. அவங்க இப்ப புனேக்கு மாறிப் போறாங்க. இனிமே எப்படிப் போறது? அங்க சின்ன கார் போகாது."

"அவருக்குத் தெரியாதா?"

"ஞாயித்துக்கிழமை காலைல அவருக்கு டியூட்டி. நாங்க பாட்டு கிளாஸ் போறோம்னு நெனச்சிட்டிருக்காரு."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

அவள் டேப்பைச் சுருட்டினாள். "உங்ககிட்ட சொன்னா நீங்க கேள்வி கேப்பீங்கக்கா. எங்கிட்ட பதில் இல்லாத கேள்வியா கேப்பீங்க."

கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னதில் தப்பில்லை, ஏனென்றால் அந்த நேரத்திலேயே என் மனதில் கேள்விகள் வரிசை கட்டி நின்றன. யார் அந்த மாஸ்டர்? எத்தனை பெண் பிள்ளைகள் வருகிறார்கள்? விழுந்தால் பக்கத்தில் ஆஸ்பத்திரி உண்டா? புனே போகிற கதை உண்மையா? அவள் சொன்னதை நான் முழுதாக நம்பவில்லை. என் கண்ணால் பார்க்க வேண்டும் என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் சின்ன காரில் நானும் ஓரகத்தியும் அவள் பெண்ணும் போனோம்; சைக்கிளை அந்த ஜீப்காரர் முன்னாலேயே கொண்டுபோயிருந்தார். தார் ரோடு முடிந்த இடத்தில் கார் நின்றுவிட்டது. திராட்சைத் தோட்டங்களை ஒட்டிக் கல்லும் புதருமான பாதையில் நடந்தோம். அந்த மாஸ்டரைப் பிடித்துக்கொண்டு, எந்த ஊர், எந்தத் தெரு, மனைவி என்ன செய்கிறார் என்றெல்லாம் விசாரித்தேன். பொறுமையாகப் பதில் சொன்னார். முதலுதவிப் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னேன். காட்டினார்.

சைக்கிளோடு இன்னும் நாலைந்து பெண் பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஓரகத்தியின் பெண் கையுறை மாட்டி, ஹெல்மெட் போட்டுக்கொண்டு வந்தாள். மேட்டின் உச்சியிலிருந்து இறங்கினாள். பாதை அங்கே கிடையாது, பாறைகள்தான் படிபடியாக இருந்தன. அவள் சீட்டில் உட்காரவே இல்லை. எழுந்து நின்றபடி, இடுப்பைப் பின்னால் தள்ளி, ஒவ்வொரு பாறைக்கும் முட்டியை மடக்கி நிமிர்த்தி இறங்கி வந்தாள். ஓரகத்தி பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு என் முந்தானையைப் பிடித்திருந்தாள்.

"முடிஞ்சுதாக்கா?"

"முடிஞ்சுது. ஒவ்வொரு வாரமும் இப்படித்தான் கண்ண மூடிக்கிட்டு நிப்பியா?"

"ஆமாங்க்கா."

கீழே வந்து நின்ற பெண் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூச்சு வாங்கியபடி மறுபடியும் மேடு ஏறத் தொடங்கினாள்.

திரும்பும்போது ஓரகத்தியிடம் ஒன்றுதான் சொன்னேன். "வண்டியப் பத்தி அப்புறம் பேசலாம். முதல்ல அவருகிட்ட நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன். ஆனா அவருக்குத் தெரியாம இந்த வண்டி வாங்கறதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன்."

அன்று மாலை அவர்கள் வீட்டிலேயே, நாங்கள் இருக்கும்போதே, அவள் சொன்னாள். கொழுந்தன் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "அண்ணி, உங்களுக்கும் தெரியுமா?" என்றார்.

"இந்த வாரந்தான் தெரியும்."

"எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டுந்தான் பாட்டு கிளாஸ்" என்று சொல்லிவிட்டு, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பெண் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வண்டிப் பேச்சு அதோடு நின்றது. ஷோரூம் பையன் தினமும் போன் செய்தான். கணவர் எடுக்கவில்லை.

கொழுந்தன் மனைவியிடம் ஒரு மாதம் போலச் சரியாகப் பேசவில்லை. சைக்கிளும் நின்றது. அந்தப் பெண் வீட்டில் பேசுவதே குறைந்துவிட்டது என்று ஓரகத்தி போனில் அழுதாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர்தான் தம்பியை டியூட்டிக்கு லீவு போடவைத்து, பெண்ணையும் கூட்டிக்கொண்டு, அவள் ஓட்டுவதைப் பார்க்க அந்த மேட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே என்ன நடந்தது என்று அவரிடம் எத்தனை தடவை கேட்டும் ஒரே பதில்தான்: "பாத்தான். பேசல. திரும்பி வரும்போது ஒரு எளநீ குடிச்சான்."

மறுநாள் கொழுந்தனே ஷோரூமுக்குப் போன் செய்தார். சக்கரத்தைக் கழற்றாமல் சைக்கிளை நிறுத்தி வைக்க உள்ளே உயரம் போதுமா என்று கேட்டாராம்.

போதவில்லை. அதனால் அந்த வண்டியை விட்டுவிட்டு, பின்பக்கம் இன்னும் உயரமான வேறொன்றை எடுத்தோம். அதிலும் பின்வரிசை உண்டு, ஆனால் பெரும்பாலும் மடித்தேதான் கிடக்கிறது. குலதெய்வக் கோயிலுக்குப் போனபோது மட்டும் நிமிர்த்தினோம். பிள்ளைகள் மூவரும் முறை வைத்து உட்கார்ந்தார்கள், வழி முழுக்கச் சண்டை போட்டார்கள். மண் பாதையில் வண்டி நிற்காமல் ஏறியது. பொங்கல் பானை மட்டும் சாய்ந்து அரிசி கொட்டியது.

வண்டி ஈஜிபுராவில்தான் நிற்கிறது. கொழுந்தன் டியூட்டியை மாற்றிக்கொண்டு, ஞாயிறு காலையில் அவரே ஓட்டிப் போகிறார். வேறு எங்காவது ஓட்டுகிறாரா என்று எனக்கு இன்னும் ஒரு கண் உண்டு. அதில் ஏறினால் டேஷ்போர்டில் கிலோமீட்டரைப் பார்க்காமல் நான் இறங்குவதில்லை.

இப்போது புதிதாக ஒன்று. பள்ளி நாளில் மூன்று தடவை எழுப்பினாலும் எழாத என் மகன், ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் தானே எழுந்து, குளித்து, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு சித்தப்பாவோடு நந்தி மலைக்குக் கிளம்புகிறான்.

"நீ சைக்கிள் ஓட்டப் போறியா?"

"இல்லம்மா. சும்மா. ஹெல்ப்புக்கு."

சைக்கிளைத் தூக்கி இறக்க இஸ்திரி போட்ட சட்டை எதற்கு என்று ஓரகத்தியிடம் கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும்க்கா, நான் கண்ண மூடிட்டில்ல நிக்கறேன்" என்றாள்.