குளிரும் சம்பளமாம்!

குன்னூரில் நான் நான்கு வருடமாக ரிசப்ஷனில் நிற்கும் ரிசார்ட்டில், இன்று சம்பள உயர்வு கேட்டேன்.

"ஏனுங்க, கோயமுத்தூர் சம்பளத்தை இங்க கேக்கலாமுங்களா? ஃபேன் செலவில்லை, ஏசி செலவில்லை. இந்தக் குளிரே பாதிச் சம்பளமுங்க" என்றார் மேனேஜர்.

அவர் காலடியில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இதே குளிருக்குத்தானுங்க சீசன்ல ரூம் வாடகையை ரெண்டு மடங்கு ஆக்கறீங்க? அதைச் சொல்லி கஸ்டமர்கிட்டத் திட்டு வாங்கறது நானுங்க."

"சீசன் முடியட்டும், பார்க்கலாம்."

"எவ்வளவுன்னு இப்பவே எழுதிக் கொடுங்க. இல்லீன்னா சீசனுக்கு நான் வரமாட்டேனுங்க."

திங்கட்கிழமை சொல்கிறாராம்.

அதுவரை, குளிரை வாங்கிக்கொண்டு அரிசி தரும் மளிகைக்கடை நான் குடியிருக்கும் கேத்திப் பக்கம் இருந்தால் சொல்லுங்கள். என்னிடம் நான்கு வருடக் குளிர் இருக்கிறது.