பேரைச் சொன்னதும் வந்தது

தான்சானியாவில், ரூஃபிஜி ஆற்றில், விலங்குகளைக் காட்டும் சிறு படகில் இருக்கிறோம். கரையில் முதலைகள் வாயைப் பிளந்து வெயில் காய்கின்றன. யானைதான் இன்னும் தென்படவில்லை. டொரொண்டோவில் இருந்து என்னைக் கூட்டிவந்த மருமகன் சுதன், பெரிய கமராவை மடியில் கிடத்திவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டிருக்கிறார். நாளைக்கு விமானம். படகோட்டி ஜூமாவும் படகைத் திருப்பப் பார்க்கிறார்.

"தம்பி, பேரைச் சொல்லிக் கூப்பிடுவமே?" என்கிறேன். "வன்னிக் காட்டுக்குள்ளை யானை எண்டு ஒருத்தரும் வாய் திறக்கிறேல்லை. சொன்னால் முன்னாலை வந்து நிக்குமாம். பெரியவர் எண்டுதான் சொல்லுறது. நாங்கள் இவ்வளவு தூரம் வந்தது ஒளிக்கவே?"

சுதன் வெட்கத்தோடு இதை ஜூமாவுக்கு ஆங்கிலத்தில் சொல்கிறார். ஜூமா விழுந்து விழுந்து சிரித்து ஏதோ சொல்கிறார்.

"இங்கை உள்ளதுகளுக்குத் தமிழ் விளங்காதாம் மாமி. இங்கத்தைப் பாஷையிலை யானைக்குத் தெம்போவாம், அப்பிடிக் கூப்பிடட்டாம்."

"தெம்போ!"

மெதுவாகத்தான் கூப்பிடுகிறேன். நாணல் விலகுகிறது! ஒன்று, பின்னால் இன்னும் நாலு, நடுவில் ஒரு குட்டி. முன்னால் வந்த பெரியது செவியை விரித்து, தண்ணீருக்குள் இறங்கி, நேரே எங்களை நோக்கி வருகிறது. ஜூமா சிரிப்பை நிறுத்திப் படகைப் பின்னுக்கு எடுக்கிறார். சுதன் கமராவைத் தொடவே இல்லை. என் கையைத்தான் பிடிக்கிறார்.

"மாமி, திரும்பிப் போகச் சொல்ல என்ன சொல்லோணும்?"

"ஆருக்குத் தெரியும் தம்பி? பேரைச் சொன்னவை ஓடினவையே தவிர, நிண்டு கதைச்சதாய் நான் கேள்விப்படேல்லை."